தட்டிலிருந்து முகத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'நாயிடம் விசுவாசத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்' என்ற வாக்கியம் ஆன்மிகப் பக்கங்களில் அடிக்கடி தலைகாட்டுகிறது. அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எழுதுகிறவர்கள் பலரும், நாய் என்னவோ பிறக்கும்போதே விசுவாசத்தோடு பிறந்துவிட்ட மாதிரி எழுதிவிடுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. நாய்க்கு விசுவாசம் வர நாள் ஆகும், சில நாய்களுக்கு மாதங்கள் ஆகும். அது எப்படி வருகிறது என்று கிட்டத்திலிருந்து பார்த்தால்தான், இறைவனை நம்பிக் காத்திருப்பதைப் பற்றி அதனிடம் நமக்குக் கற்க ஏதாவது இருக்கிறது. அதைச் சொல்லவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் அந்தச் சொல்லையே பாருங்கள். தெருநாய்க்கும் விசுவாசம் என்கிறோம், தேவாலயத்திலும் விசுவாசம் என்கிறோம். வைணவத்தில் சரணாகதிக்குச் சொல்லும் அங்கங்களில் ஒன்றுக்கு மகாவிசுவாசம் என்றே பெயர். 'அவன் காப்பான்' என்ற அசையாத உறுதி அது. மாணிக்கவாசகர் இறைவன் முன் தன்னை 'நாயேன்' என்று சொல்லிக்கொண்டார். நாமோ தெருச்சண்டையில் திட்டுவதற்கு மட்டும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

சோற்றுத் தட்டில் ஆரம்பிக்கிறேன். குட்டிக்கு 'இரு' என்று பழக்குவது நாய் வளர்க்கும் எல்லா வீட்டிலும் நடக்கிறது. பாதி வீட்டில் அதுதான் கெட்டும் போகிறது. தட்டைக் கையில் பிடித்தபடி நில்லுங்கள். குட்டி குதிக்கும், குரைக்கும், காலைப் பிராண்டும். ஒன்றும் சொல்ல வேண்டாம். நான்கு காலும் தரையில் நின்றதும் தட்டை மெல்லத் தாழ்த்துங்கள். மூக்கு முன்னால் வந்தால் தட்டு மேலே போகும், மூக்கு பின்வாங்கினால் தட்டு கீழே வரும். அவ்வளவுதான் பாடம். முதல் நாள் ஒரு நொடி நின்றாலே போதும், தட்டை வைத்து 'சாப்பிடு' சொல்லிவிட வேண்டும். போகப் போக மூன்று நொடி, ஐந்து நொடி. சோற்றுக்குப் பத்து நொடிக்கு மேல் நிறுத்தி வைப்பதில் எந்தப் பயனும் இல்லை. நேரத்தைக் கூட்டுகிற நாளில் தூரத்தைக் கூட்டக் கூடாது. பக்கத்தில் குழந்தைகள் விளையாடும்போது பழக்குவதாக இருந்தால் நேரம், தூரம் இரண்டையும் குறைத்துக்கொள்ள வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை தவறினால் நாம் கேட்டது அதிகம் என்று பொருள், ஒரு படி இறங்கிவிட வேண்டும். 'இரு இரு இரு' என்று மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தால், மூன்றாவது 'இரு'வுக்குத்தான் அர்த்தம் என்று குட்டி எடுத்துக்கொள்ளும்.

இதை ஒழுங்காகச் செய்கிற வீட்டில் சில நாளில் ஒன்று நடக்கும். அதுவரை குட்டியின் கண் தட்டை விட்டு அகலாது. தட்டு இடது பக்கம் போனால் கண்ணும் போகும், வலது பக்கம் வந்தால் கண்ணும் வரும். ஏதோ ஒரு வேளை அந்தக் கண் தட்டிலிருந்து விலகி, தட்டைப் பிடித்திருக்கிற ஆளின் முகத்துக்கு ஏறும். ஒரே நொடிதான். காது லேசாகப் பின்னால் சாயும், வால் தரையில் ஒரு தட்டுத் தட்டும். அந்த நொடியைத் தவறவிடாமல் தட்டை வைத்துவிட வேண்டும். சோறு தட்டில் இருந்து வரவில்லை, இந்த ஆளிடமிருந்து வருகிறது என்று அதற்குப் பிடிபடுகிற நேரம் அது. அதற்குப் பிறகு 'இரு' என்று சொல்லவே தேவைப்படாது. தட்டோடு நாம் வந்தால் தானாக உட்கார்ந்து முகத்தைப் பார்க்கும். கோயிலுக்குப் போய் தீபாராதனை காட்டும் நேரத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு வேண்டுதல் பட்டியலை வாசிக்கிறோமே, அது இன்னும் தட்டைப் பார்க்கிற கட்டம்தான்.

கெட்டுப்போவது எப்படி என்றும் சொல்ல வேண்டும். பிஸ்கட்டை மூக்கின் மேல் வைத்து, நிமிடக் கணக்கில் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். 'நம் கைதான் ஓங்கியிருக்க வேண்டும்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சாப்பிடும்போதே தட்டைப் பிடுங்கிப் பிடுங்கி வைக்கிறார்கள். வந்தது எப்போது வேண்டுமானாலும் போய்விடும் என்று கற்றுக்கொண்ட நாய் வேகவேகமாக விழுங்கும், தட்டின் மேல் கவிந்துகொள்ளும், பிறகு உறுமும், கடைசியில் கடிக்கும். பழியை நாய் சுமக்கும். இதைத் திருப்புவதற்குத் தட்டின் பக்கமே கை போகக் கூடாது. சாப்பிடும்போது நாலடி தள்ளி நடந்து போகிற போக்கில், தட்டில் இருப்பதைவிட ருசியான ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் போய்விட வேண்டும். நாயின் உடம்பு இறுகாமல் இருந்தால்தான் நாளடைவில் தூரத்தைக் குறைக்கலாம். ஆள் கிட்டே வந்தால் குறையாது, கூடும் என்று தெரிந்த நாய் உறுமுவதை விட்டுவிடும். ஏற்கெனவே ஒருமுறை கடித்துவிட்ட நாய் என்றால் இதைத் தனியாக முயல வேண்டாம், பயிற்சியாளரை வைத்துச் செய்யுங்கள்.

'ஆண்டவன் சோதிக்கிறான்' என்று நாம் சொல்வதுண்டு. வளர்க்கிறவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் எனக்கு அந்தப் பேச்சில் பாதிதான் ஒப்புதல். சோற்றைப் பிசைந்தாயிற்று. தட்டு கையில் இருக்கிறது. நாய் காத்திருக்கும் அந்தப் பத்து நொடியில், கொடுப்பதா வேண்டாமா என்ற யோசனையே கொடுப்பவரிடம் இல்லை. காத்திருக்கிற நாய்க்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

தெருவிலிருந்து வந்த நாய், அடிபட்ட நாய் விஷயத்தில் கணக்கே வேறு. மீட்டு வளர்ப்பவர்கள் உத்தேசமாக ஒரு கணக்கு சொல்வார்கள். பதற்றம் அடங்க மூன்று நாள், வீட்டு முறை பிடிபட மூன்று வாரம், இது நம் வீடு என்று படுக்க மூன்று மாதம். சில நாய்க்கு இதைவிட அதிகமும் ஆகும். இந்தக் காலத்தில் நாம் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். ஒரே நேரம், ஒரே தட்டு, ஒரே இடம், முடிந்தால் ஒரே ஆள். நேருக்கு நேர் உட்காராமல் பக்கவாட்டில் தரையில் உட்கார வேண்டும். கண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது. தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகக் கூடாது, கை தொடுவதாக இருந்தால் மார்பிலோ தோளிலோ, அதுவும் நாயாக வந்து முகர்ந்த பிறகு. தட்டை ஒரு நாளைக்கு ஓரடி நம் பக்கம் நகர்த்தலாம். நாய் தயங்கினால் மறுநாள் ஓரடி பின்னால் போக வேண்டும். எல்லாரும் இங்கேதான் தோற்கிறார்கள். பத்து நாள் பொறுத்தவர் பதினோராம் நாள் 'இனி பழகிவிட்டது' என்று வாரி அணைக்கிறார், மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. பத்து நாளும் தட்டு வந்த நேரம் மாறாமல் இருந்ததுதான் நாயை நகர்த்தியதே தவிர நம் அன்பின் வேகம் இல்லை. தினமும் அதே நேரத்தில் விளக்கேற்றுவதை வெறும் சடங்கு என்று கேலி செய்கிறவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இனி பூனை. குரங்குக் குட்டியா பூனைக்குட்டியா என்ற வழக்கு வைணவத்தின் வடகலை, தென்கலைப் பிரிவுகளுக்கிடையே பழையது. குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்கிறது. பக்தனும் தன் பங்குக்குப் பற்ற வேண்டும் என்பது மர்க்கட நியாயம், வடகலையார் சொல்வது. பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை, தாய்தான் கவ்வித் தூக்குகிறது. அவனே காப்பான் என்று கிடப்பது மார்ஜார நியாயம், தென்கலையார் சொல்வது. காஞ்சிபுரத்தில் கோயில் யானைக்கு எந்த நாமம் இடுவது என்று வழக்காடிய பெருமை நமக்கு உண்டு, அதனால் எது சரி என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. பூனை வளர்ப்பவர்கள் பார்க்கிற இரண்டு மூன்று விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

பூனைக்குட்டி பிறக்கும்போது கண் திறந்திருக்காது, காதும் கேட்காது. கண் திறக்க ஏழிலிருந்து பதினான்கு நாள். முதல் மூன்று வாரம் தாய் நக்கிவிடாமல் சிறுநீர்கூடப் போகாது. தாய் பிடரியைக் கவ்வியதும் குட்டி பின்னங்காலை மடக்கி, வாலைச் சுருட்டி, துணி மாதிரித் தொங்கும். திமிறினால் நழுவி விழும், பல்லும் பதியும். ஆக ஒன்றும் செய்யாமல் தொங்குவதும் ஒரு வேலைதான், குட்டியின் உடம்பு அதை அறிந்திருக்கிறது. (இதைப் பார்த்துவிட்டு வளர்ந்த பூனையைப் பிடரியில் தூக்குகிறவர்கள் உண்டு. கூடாது. அதன் எடைக்கு வலிக்கும், பயமும் வரும். மார்புக்கு ஒரு கை, பின்பக்கத்துக்கு ஒரு கை கொடுத்துத் தூக்க வேண்டும்.)

இந்தப் பூனைக்குட்டி உவமையில் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. தாய்ப்பூனையால் ஒரு நடைக்கு ஒரு குட்டியைத்தான் தூக்க முடியும். நான்கு குட்டி என்றால் நான்கு நடை. இடம் பத்திரமில்லை என்று தோன்றினால் தாய் குட்டிகளை மாற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் கடைசிக் குட்டி தனியாகக் கிடந்து கத்தும். மூன்று பேர் போய்விட்டார்கள், சூடு போய்விட்டது, தாயும் இல்லை. 'அனாதையாகக் கிடந்தது' என்று நல்ல மனசோடு நாம் வீட்டுக்கு எடுத்து வருவது அடிக்கடி இந்த நான்காவது குட்டியைத்தான். கடைசி நடைக்கு வரும் தாய் வெறும் இடத்தைப் பார்த்துவிட்டுப் போகும்.

எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது: குட்டி உலர்ந்து, வயிறு நிறைந்து, சத்தமில்லாமல் தூங்கினால் தாய் பக்கத்தில்தான் இருக்கிறது, தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் குட்டியைச் சுற்றிக் கொஞ்சம் அரிசி மாவைத் தூவிவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத தூரத்துக்குப் போய்விடுங்கள். நாம் நின்றுகொண்டிருந்தால் தாய் வராது. சில மணி நேரம் கழித்து மாவில் பாதச்சுவடு இருந்தால் தாய் வந்து போயிருக்கிறது. கோலப்பொடியில் கல்மாவு கலந்திருக்கும், அது வேண்டாம். குட்டி மழையிலோ சாலையிலோ கிடந்தால், உடம்பு சில்லிட்டிருந்தால், எறும்பு மொய்த்தால் காத்திருக்கக் கூடாது. எடுத்ததும் பால் புகட்ட ஓடாதீர்கள், முதலில் சூடு. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து உடம்பு கதகதப்பான பிறகுதான் பால், சில்லிட்ட குட்டிக்குச் செரிக்காது. பசும்பால் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். பூனைக்குட்டிகளுக்கான பால்மாவு கிடைக்கிறது, சின்னஞ்சிறு குட்டிக்கு அதை இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். குழந்தைக்குக் கொடுப்பது போல் மல்லாக்கப் போட்டுப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புற இருக்கும் நிலையில், தலை லேசாகத் தூக்கியபடி, அது தானாகச் சப்ப வேண்டும்.

மருந்து கொடுப்பது தனி அத்தியாயம். குலசேகர ஆழ்வார் வித்துவக்கோட்டு அம்மானைப் பாடும்போது, கத்தியால் அறுத்துச் சுட்டாலும் மருத்துவனிடம் மாறாத அன்பு வைத்திருக்கும் நோயாளியை உவமையாகச் சொல்கிறார். அந்த நோயாளிக்காவது தனக்கு நோய் என்று தெரியும். நாய்க்கு அதுவும் தெரியாது. கருத்தடை அறுவைக்கு முந்தைய இரவே வளர்ந்த நாய்க்குச் சோற்றை நிறுத்தச் சொல்வார்கள், மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குப் போய்விடும் என்பதால். (சிறு குட்டிகளுக்கு இவ்வளவு நேரம் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். எத்தனை மணி நேரம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.) அன்று இரவு நாய் தன் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நம் முகத்தைப் பார்க்கும். மேலே சொன்னேனே, அதே பார்வை. தட்டு வராது. விளக்கிச் சொல்ல மொழி இல்லை. 'கேட்டது கிடைக்கவில்லை' என்பதற்கு 'கேட்பது காதில் விழவில்லை' என்று மட்டும்தான் பொருளா என்று அந்த இரவில் வளர்ப்பவருக்கு ஒரு கேள்வி வரும். வராதவர்கள் ஒரு வாய் பிஸ்கட் போட்டுவிட்டு மறுநாள் மருத்துவரிடம் திட்டு வாங்குவார்கள்.

அறுவை முடிந்து கழுத்தில் மாட்டும் புனல் பட்டையும் இதே கதைதான். பத்திலிருந்து பதினான்கு நாள் அது கழுத்தில் இருக்க வேண்டும். 'பாவம், ஒரு மணி நேரம் கழற்றிவிடலாம்' என்று இரக்கப்படுகிற வீட்டில்தான் தையல் பிரிகிறது, பிரிக்க நாய்க்குச் சில நிமிடம் போதும். புனலோடு சாப்பிட முடியவில்லை என்றால் புனலைவிட அகலம் குறைந்த கிண்ணத்தில் சோற்றை வைத்து, கிண்ணத்தைச் சற்று உயரத்தில் வையுங்கள்.

மாத்திரையைத் தயிர்சாதத்தில் ஒளித்துக் கொடுத்து, ஒருமுறை கசப்பு தட்டிவிட்டால் பிறகு தயிர்சாதமே ஆகாது. தினசரித் தட்டில் மருந்தைக் கலக்காதீர்கள். வேறு இடத்தில், மூன்று சிறு உருண்டை. முதலில் வெறும் உருண்டை, அடுத்ததில் மாத்திரை, அதை வாயில் போடும்போதே மூன்றாவது உருண்டை கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்த ஆசையில் நடுவில் உள்ளதை மெல்லாமல் விழுங்கிவிடும். பூனைக்கு வெறும் மாத்திரை கொடுத்தால் பின்னாலேயே ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீரைக் கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். சில மாத்திரைகள் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். இன்னொன்று, 'வா' என்று கூப்பிட்டு ஊசி போடாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள், அடிக்காதீர்கள். வேண்டாத காரியத்துக்கு நாம்தான் எழுந்து அதனிடம் போக வேண்டும். கூப்பிட்ட குரலை நம்பி வந்த நாய்க்கு நான்கு முறை கசப்பு காத்திருந்தால், ஐந்தாம் முறை நடுச்சாலையில் நின்று கூப்பிட்டாலும் வராது.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். 'ஆண்டவன் பார்த்துக்கொள்வான்' என்று தடுப்பூசி போடாமல் விடுவதை நம்பிக்கை என்று சொல்லக் கூடாது, அது சோம்பல். நாய்க்குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம் வரை. மூன்று மாதத்தில் வெறிநோய்க்கான ஊசி, பின்பு ஆண்டுதோறும். இடையில் ஒன்றை விட்டாலும் பார்வோ என்ற வைரஸ் நோய் வரலாம். வாந்தி, ரத்தமாகப் போகும் வயிறு, சில நாளில் குட்டி போய்விடும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும், அடுத்த குட்டிக்கும் காத்திருக்கும். நாய் கடித்தால், அது நம் வீட்டு நாயாகவே இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனையில் தோலில் போடும் முறைக்கு முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள்கள். தோல் கிழிந்து ரத்தம் வரும் கடிக்குக் காயத்தைச் சுற்றிப் போடும் மருந்து தனி. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மந்திரித்த கயிறு எதுவும் வேண்டாம். சாமிக்கு வேண்டிக்கொள்வதை ஊசி போட்டுக்கொண்டு வரும் வழியில் வைத்துக்கொள்ளலாம். வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. குரங்குக் கட்சியோ பூனைக் கட்சியோ, இந்த இடத்தில் எல்லாரும் பற்றிக்கொண்டே ஆக வேண்டும்.

கடைசியாகத் தீபாவளி வெடிச் சத்தம். மனிதனுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்கு 45,000 வரை கேட்கும். பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயத்துக்குப் பரிசு கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தவறு. பயம் என்ன வித்தையா, பரிசு கொடுத்தால் வளர்வதற்கு? நாய் கட்டிலுக்கடியில் போனால் இழுக்காதீர்கள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். பேச வேண்டியதுகூட இல்லை. வெளியே சத்தம் நிற்காது, உங்களால் நிறுத்தவும் முடியாது. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் மூக்கு உங்கள் பாதத்தில் வந்து படும், மூச்சு இரைப்பது குறையும். சத்தத்தை நிறுத்தாதவர் ஏன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று அது கேட்பதில்லை.

மாலை நான்கு மணிக்குள் கயிற்றில் பிடித்து வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். ஜன்னலை அடைத்துத் திரையை இழுத்துவிட்டு மின்விசிறியை வேகமாக வையுங்கள். கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண் இருக்கட்டும். மனிதர்களின் தூக்க மாத்திரையைக் கொடுக்காதீர்கள். பூனைக்குப் பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூட உயிரைக் குடிக்கும். மிகவும் நடுங்குகிற நாய்களுக்கு மருத்துவர் தரும் மருந்து உண்டு. அதைச் சாதாரண நாள் ஒன்றில் கொடுத்துப் பார்த்து அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்பதால் இரண்டு வாரம் முன்பே போக வேண்டும். ஆகவே இந்தக் கடிதத்தைத் தீபாவளி மலரோடு போடாமல், அதற்கு மூன்று வாரம் முன்னால் ஏதாவது ஒரு சாதாரண நாளில் வெளியிட்டால் உதவியாக இருக்கும். இடம் போதாது என்றால் ஆழ்வாரை வெட்டிக்கொள்ளுங்கள், ஊசி அட்டவணையை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவரங்கம்